இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லை இனங்கண்டு பெயரிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்னும் மூன்று பெயர்களும் பள்ளியில் படித்த அனைவருக்கும் நினைவிருக்கும். ஆயினும் மண்டபத்திலோ வாலிநோக்கத்திலோ கரையில் கிடக்கும் ஒரு கல்லைக் காட்டி, அது இம்மூன்றில் எது என்று கேட்டால், பெரும்பாலோர் அதன் நிறத்தைப் பார்த்தே விடை கூறுகின்றனர். வெயிலும் உப்புக்காற்றும் பாசியும் மாற்றிவிடக்கூடிய நிறத்தை நிலவியலாளர்கள் முதன்மைச் சான்றாகக் கொள்வதில்லை. கல் எந்தக் கனிமங்களால் ஆனது, அக்கனிமத் துகள்கள் எந்த அளவில் எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்னும் இரு கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே அவர்கள் பெயரைத் தேடுகின்றனர். இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடிப்பதே இவ்விளக்கத்தின் நோக்கம்.

படி 1: கருவிகளும் எல்லைகளும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஓர் இரும்பு ஆணி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், அளவுகோல், குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். ஆய்வுக்கூடங்களில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். தொடக்கநிலையில் அது தேவையில்லை.

சட்டம் விதிக்கும் எல்லையை முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறைத்திட்டு அமைக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஆகவே கரை ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் அதைப் படம் எடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பல காலம் வெட்டி எடுக்கப்பட்டதால் இக்கடலின் பவளத்திட்டுகள் எவ்வளவு சேதமடைந்தன என்பதை அறிந்தவர்கள் இவ்விதியைச் சுமையாகக் கருதமாட்டார்கள்.

படி 2: கல் இவ்விடத்தைச் சேர்ந்ததா?

இக்கரையோரத்தில் இயற்கையாக வெளித்தெரியும் பாறைகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிக்க படிவுப்பாறைகளே. ஆனால் தூண்டில் வளைவுக்காகக் கொட்டப்பட்ட பெரும் பாறைகள், தண்டவாளத்தின் கீழ்ப் பரப்பிய ஜல்லி, வீட்டு வாசலில் கிடக்கும் பழைய அம்மி ஆகிய அனைத்தும் உள்நாட்டுப் பாறைகளிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டவை. அலையில் உருண்டு வழுவழுப்பான ஒரு ஜல்லித் துண்டை அக்கரையின் பாறையாகக் கொண்டால், அதன்மேல் எழுப்பும் முடிவுகள் அனைத்தும் பிழையாகிவிடும். எனவே கல் பாறைப்படுகையோடு ஒட்டியிருக்கிறதா, தனியே கிடக்கிறதா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆணியும் சாறும்

1812-ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில், சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3-ஆம் இடத்திலும் மணலின் முதன்மைக் கனிமமான குவார்ட்ஸ் 7-ஆம் இடத்திலும் உள்ளன. இரும்பு ஆணி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால், அது கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. மணற்கல்லில் மட்டும் கவனம் தேவை. அங்கு ஆணி பட்டதும் மணல் உதிர்வது துகள்களைப் பிணைத்த பசை இளகியதால்தானே தவிர, துகள்கள் மென்மையானவை என்பதால் அன்று. ஒரு தனித் துகளின் மீதே ஆணியை அழுத்திப் பாருங்கள்.

அடுத்து, கல்லை ஆணியால் சுரண்டிச் சிறிது தூளாக்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டவிட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள். சிறு குமிழிகள் எழுந்தால் அங்கு கால்சியம் கார்பனேட் உண்டு. குமிழியாக வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. தூளாக்காமல் சொட்டவிட்டால் மென்மையான இவ்வமிலங்கள் வினைபுரிவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

கடலில் மிதந்து கரை சேரும் துளைகள் நிறைந்த கல்லையும் இச்சோதனை தெளிவாகப் பிரித்துக்காட்டும். எரிமலைக் குழம்பில் வாயு நுரைத்து உறைந்த நுரைக்கல் (பியூமிஸ்) குமிழி விடாது. பவளத்தின் எலும்புக்கூடு குமிழி விடும். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது வெளிப்பட்ட அத்தகைய எரிமலைக் கற்கள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் மிதந்து சென்றன என்பதால், எரிமலையே இல்லாத கரையிலும் அவற்றைக் காண்பதில் வியப்பில்லை.

படி 4: துகள்களை அளந்து பெயரிடுதல்

படிவுப்பாறையின் பெயர் முதலில் துகளின் அளவைப் பொறுத்தது. 1922-இல் செஸ்டர் வென்ட்வொர்த் வரையறுத்த அளவுகளே இன்றும் வழக்கில் உள்ளன: 2 மி.மீ.க்கு மேற்பட்டது சரளை, 2 மி.மீ. முதல் 1/16 மி.மீ. வரை மணல், அதற்குக் கீழே 1/256 மி.மீ. வரை வண்டல், அதனினும் நுண்ணியது களிமண். இவை இறுகினால் முறையே திரளைப்பாறை, மணற்கல், வண்டற்கல், களிப்பாறை எனப்படும்.

இராமேசுவரம் தீவிலும் மண்டபத்தை ஒட்டியும் கடலை நோக்கிச் சற்றே சாய்ந்து, பலகை பலகையாகக் கிடக்கும் கடற்கரைப்பாறையில் இதைப் பயிலுவது நல்லது. ஏற்றவற்றங்களுக்கு இடைப்பட்ட நிலத்தில், மணல் இடுக்குகளில் தங்கும் நீரிலிருந்து கால்சியம் கார்பனேட் படிந்து மணலையும் சிப்பி உடைவுகளையும் பிணைப்பதால் இப்பாறை உருவாகிறது. தானே உதிர்ந்து கிடக்கும், பவளம் கலவாத இப்பாறைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வினிகர் ஊற்றி, குமிழிகள் அடங்கும்தோறும் வினிகரை மாற்றிவாருங்கள். பசையும் சிப்பித் தூளும் கரைந்த பின் அடியில் எஞ்சுவது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். அது பாதிக்கு மேல் இருந்தால் “சுண்ணாம்பு மணற்கல்” என்றும், குறைவாக இருந்தால் “மணல் கலந்த சுண்ணாம்புக்கல்” என்றும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு துண்டுகள் இச்சோதனைக்குப் பின் வேறு வேறு பெயர் பெறுவதுண்டு.

படி 5: சுண்ணாம்புக்கல்லில் அளவு மட்டும் போதாது

சுண்ணாம்புக்கற்களுக்குப் பெயரிடும்போது அவை கட்டமைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு ராபர்ட் டன்ஹாம் 1962-இல் அளித்த முறை வியக்கத்தக்க எளிமை உடையது. பெரிய துகள்கள் சுண்ணாம்புச் சேற்றுக்குள் புதைந்து, ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா, அல்லது ஒன்றின்மேல் ஒன்று தாங்கி நிற்கின்றனவா என்பதே அதன் மையக் கேள்வி. துகள்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானால் மட்ஸ்டோன். அதற்கு மேல் இருந்தும் சேறே தாங்கினால் வாக்கிஸ்டோன். துகள்கள் தாங்கி, இடையில் சேறும் இருந்தால் பாக்ஸ்டோன். சேறே இல்லையெனில் கிரெயின்ஸ்டோன். சேறு தாங்கிய கல் அமைதியான நீரையும், சேறற்ற கல் அலை அலசிய நீரையும் பொதுவாகச் சுட்டுகின்றன.

உயிருடன் இருந்தபோதே பவளங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளர்ந்த பாறைக்கு பவுண்ட்ஸ்டோன் என்று பெயர். பாம்பன் பகுதியில் கடல்மட்டத்துக்கு மேலே வெளித்தெரியும் பழைய பவளத்திட்டு இதைக் கற்க அரிய வாய்ப்பு. ஸ்டாடர்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் அதிலுள்ள பவளத்தின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் என்று கதிரியக்கக் கரிமத்தால் கணித்தனர். அங்கு பவளத்தின் கிளைகளும் கிண்ணங்களும் எத்திசையை நோக்குகின்றன என்று பாருங்கள். வளர்ந்த நிலையிலேயே நிமிர்ந்து நின்றால் அது பவுண்ட்ஸ்டோன். கவிழ்ந்தும் முறிந்தும் குவிந்திருந்தால் புயலோ அலையோ வாரிக் குவித்த உடைவுகள்; அவை 2 மி.மீ.யினும் பெரியவையாய் ஒன்றையொன்று தாங்கினால், 1971-இல் எம்ப்ரியும் குளோவனும் சேர்த்த ரட்ஸ்டோன் என்னும் பெயர் பொருந்தும். ஒரே பவளம், ஒரே கனிமம்; ஆனால் நிமிர்ந்து நின்றதா கவிழ்ந்து கிடந்ததா என்பதைக் கொண்டு பெயர் மாறுகிறது. பாறை வகைப்பாட்டின் பயன் இவ்விடத்தில்தான் முழுமையாகப் புலப்படுகிறது என்பது என் கருத்து.

படி 6: கருங்கல்லைப் பிரித்தறிதல்

குமிழி விடாத, ஆணிக்கு இளகாத வெளியூர்க் கற்களை நாம் பொதுவாகக் கருங்கல் என்கிறோம். லென்ஸில் துகள்கள் ஒன்றோடொன்று பின்னிப் படிகங்களாகத் தெரிந்தால், அவை வரிசையாகவோ பட்டைகளாகவோ அமைந்துள்ளனவா என்று பாருங்கள். வெளுப்பும் கருப்புமான பட்டைகள் தெரிந்தால் அது நைஸ் என்னும் உருமாறிய பாறை. பட்டையின்றி, ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்க் கனிமமும் கண்ணாடி போன்ற குவார்ட்ஸும் கலந்திருந்தால் கிரானைட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கெய்சன் வகுத்த பன்னாட்டு முறைப்படி, வெளிர்க் கனிமங்களில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு வரை இருந்தால்தான் அப்பெயர் செல்லும். ஃபெல்ட்ஸ்பார் வகைகளின் விகிதத்துக்கும் வரம்பு உண்டு.

எண்ணெய் பூசியது போன்ற பளபளப்புடன் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் தெரிவது சார்னோக்கைட்டாக இருக்கலாம். பரங்கிமலைப் பகுதியின் இக்கல்லுக்கு 1893-இல் தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அதே வகைக் கல் பயன்பட்டதை வைத்துப் பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமே இதன் உறுதியான அடையாளம். அதை வெறுங்கண்ணால் உறுதிசெய்வது கடினம்.

படி 7: பதிவு

நீங்கள் சூட்டியது களப்பெயர். கல்லை 0.03 மி.மீ. தடிப்புள்ள சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் கனிமங்களை எண்ணிய பிறகே முழுப்பெயர் உறுதியாகும். அதற்கு உதவும் வகையில் இடம், நாள், படுகையோடு ஒட்டியிருந்ததா, துகளின் அளவு, குமிழி எழுந்ததா, ஆணி கீறியதா என்னும் விவரங்களை முதலிலும் பெயரை இறுதியிலும் எழுதுங்கள். ஐயம் இருந்தால் “கிரெயின்ஸ்டோன்” என்று எழுதாமல் “சுண்ணாம்புக்கல்” என்று பொதுப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் மை கலைந்துவிடும் என்பதால், எதையும் பென்சிலால் எழுதுவதே பாதுகாப்பானது.