வால்வு நோயில் இதயத் தசைத் தழும்பை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது எப்படி?

பெருந்தமனி வால்வு சுருங்கினால் இடது வென்ட்ரிக்கிள் (ரத்தத்தை உடலுக்குத் தள்ளும் கீழறை) கூடுதல் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப்போகிறது. அந்தத் தடிப்புக்குள் இரண்டு வகை நார்த்திசு சேர்கிறது. ஒன்று, தசைச் செல்களுக்கு இடையே பரவலாகப் படர்வது. வால்வை மாற்றிச் சுமை இறங்கினால் இது ஓரளவு பின்வாங்கும். மற்றொன்று, செல்கள் மடிந்த இடத்தை நிரப்பும் தழும்பு. வால்வை மாற்றிய பிறகும் இது அங்கேயே இருக்கும். முதல் வகையை டி1 மேப்பிங்கில், அதாவது திசுவின் காந்தத்தன்மை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை (டி1) புள்ளி புள்ளியாக அளக்கும் முறையில்தான் அளக்க முடியும். இரண்டாவது, கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்திச் சற்றுப் பொறுத்து எடுக்கும் தாமதப் படங்களில் வெள்ளையாகத் தெரியும். எனவே இரண்டையும் எடுக்கத் திட்டமிடுங்கள்.

ஸ்கேன் அன்றே ரத்தம் எடுத்து ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) இரண்டையும் பாருங்கள். சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் வளைய அமைப்புள்ள கடோலினியம் மருந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் சினி படங்கள், அதாவது இதயம் துடிப்பதைக் காட்டும் அசையும் படங்கள். அடுத்து, மருந்து செலுத்துவதற்கு முன், குறுக்கு அச்சில் அடிப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் டி1 மேப். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல் கடோலினியம். சுமார் 10 நிமிடம் கழித்துத் தாமதப் படங்களைத் தொடங்கலாம். 15 நிமிடம் அளவில் அதே ஸ்லைஸ்களில் இரண்டாவது டி1 மேப். ஸ்லைஸ் இடம் நகர்ந்தால் முன்னும் பின்னும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

தாமதப் படத்தில் பெரும்பாலான தவறுகள் இன்வெர்ஷன் நேரத்தில், அதாவது காந்தத்தன்மையைத் தலைகீழாக்குவதற்கும் படமெடுப்பதற்கும் இடையே விடும் நேரத்தில்தான் நடக்கின்றன. நல்ல தசை முழுக் கறுப்பாகத் தெரியும் நேரத்தை ஸ்கவுட் எனும் முன்னோட்டப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மருந்து வெளியேற வெளியேற அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். ஆகவே முதலில் வைத்த எண்ணை கடைசி ஸ்லைஸ் வரை அப்படியே விட்டுவிடாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை சற்றுக் கூட்டுங்கள். நேரம் மிகவும் நீண்டுவிட்டால் நல்ல தசையும் சாம்பல் நிறமாகி, சுவரின் நடுவில் ஓடும் மெல்லிய தழும்பு அதில் கரைந்துவிடும். வால்வு சுருக்கத்தில் நாம் தேடுவதே அந்த மெல்லிய கோட்டைத்தான். பி.எஸ்.ஐ.ஆர். முறை (சிக்னலின் கூட்டல், கழித்தல் குறியையும் கணக்கில் எடுக்கும் தாமதப் பட முறை) இந்தப் பிழையைப் பெரிதும் மன்னிக்கும். முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். மூச்சை அடக்க முடியாதவர்களுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும், ஒரே துடிப்பில் படமெடுக்கும், அசைவுத் திருத்தத்துடன் கூடிய சிங்கிள் ஷாட் முறை கைகொடுக்கும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வால்வினால் வந்த தழும்பு அல்ல. உட்சுவரில் தொடங்கி ஒரு கரோனரி தமனியின் எல்லைக்குள் நின்றால் அது பழைய மாரடைப்பு. வலது வென்ட்ரிக்கிள், செப்டத்தோடு (இரு வென்ட்ரிக்கிள்களின் இடைச்சுவர்) சேரும் முனைகளில் மட்டும் தெரிந்தால் அதற்குப் பெரிய எடை கொடுக்க வேண்டாம். மைட்ரல் வால்வு பிதுக்கத்தில் அடிப்பகுதியின் கீழ்ப்பக்கச் சுவரையும் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பிலரி தசைகளையும் கூர்ந்து பாருங்கள். அங்குள்ள தழும்பு வென்ட்ரிக்கிள் துடிப்புக் கோளாறோடு தொடர்புள்ளது. எந்த இடத்தில் கண்டாலும் இன்னொரு அச்சிலோ, ஃபேஸ் (படப் பதிவு) திசையை மாற்றியோ உறுதிசெய்த பிறகே அறிக்கையில் எழுதுங்கள்.

இனி செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு, அதாவது இ.சி.வி. செப்டத்தின் நடுவில், ரத்தத்தைத் தொடாமல், வெள்ளைத் தழும்பையும் விலக்கி வட்டம் வரையுங்கள். தசையின் டி1 மருந்துக்கு முன் 1000, பின் 450 மில்லி விநாடி. ரத்தத்தினுடையது 1600, 300 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1/டி1 எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: தசையில் 0.00122, ரத்தத்தில் 0.00271. இரண்டின் விகிதம் 0.45. அதை, 1-லிருந்து ஹீமடோக்ரிட்டைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள். ஹீமடோக்ரிட் 0.40 என்றால் விடை 27 சதவீதம்; 0.33 என்றால் 30. போன மாதத்து ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணக்கிட்டால் இவ்வளவு விலகும். டி1 எண்கள் காந்த வலிமை 1.5 டெஸ்லாவுக்கும் 3 டெஸ்லாவுக்கும், ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் மாறுபடும். உங்கள் கருவியில் நலமானவர்களிடம் எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதியவர் ஒருவருக்கு இ.சி.வி. 40-ஐத் தாண்டி, தசையை எந்த நேரத்திலும் சரியாகக் கறுக்க வைக்க முடியவில்லை என்றால் நார்த்திசுவோடு நிறுத்திவிடாதீர்கள். வால்வு சுருக்கத்தோடு டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டும் (அந்தப் புரதம் இதயத் தசையில் படியும் நோய்) சேர்ந்திருக்கலாம். எலும்பு ஸ்கேனும், ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் (ஆன்டிபாடிப் புரதத்தின் ஒரு பகுதி) பரிசோதனையும் கேளுங்கள்.

தழும்பு தெரிந்தது என்பதற்காக மட்டும் அறிகுறி இல்லாதவரை அறுவைக்கு அனுப்பிவிட முடியாது. கடுமையான வால்வு சுருக்கமும் சுவர் நடுத் தழும்பும் இருந்து, அறிகுறி இல்லாத 224 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான எவால்வ்டு ஆய்வில், வால்வை முன்கூட்டியே மாற்றியதால் இறப்பும் திடீர் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்த முதன்மை முடிவில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் தழும்பு உள்ளவர்களுக்கு நெருக்கமான கண்காணிப்பு தேவை.

வால்வை மாற்றிய பிறகு மறுபடி அளக்கும்போது இ.சி.வி. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற நேரிடும். செல்கள் நார்த்திசுவைவிட வேகமாகச் சுருங்குவதால் சதவீதம் கூடியதுபோலத் தெரியும். தசையின் எடையை அதன் அடர்த்தியான 1.05-ஆல் வகுத்துக் கன அளவாக்கி, அதை இ.சி.வி.யால் பெருக்கி, உடல் பரப்பால் வகுத்து, முந்தைய ஸ்கேனின் அதே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.