மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது?

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றிய தோட்டங்களில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள் கத்தரியையும் பாகல் பந்தலையும் விட்டுவிடவில்லை. மருந்து அடிக்கும் பழக்கத்தையும் விடவில்லை. இலையில் ஓட்டை விழுந்தால் போதும், பம்பைத் தோளில் மாட்டிவிடுகிறோம். தின்றது யார் என்று பார்ப்பதே இல்லை. கொல்லைப்புறத்தில் நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

மிளகாயில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். இலை சுருண்டது, கடையில் சொன்னேன், சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தார்கள், அடித்தேன். செடி இன்னும் மோசமானது. சுருளும் பக்கத்தை நான் பார்த்திருக்க வேண்டும். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டு தொங்கினால் முரணைச் சிலந்தி. அதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. சைபர்மெத்ரின் அதைச் சரியாகக் கொல்லாது. அதைத் தின்னும் நல்ல சிலந்திகளையும் பொறிவண்டுகளையும் மட்டும் துடைத்துவிடும். முரணைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) கேட்கும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த கையோடு கந்தகத்தையும் அடிக்காதீர்கள். இலை கருகிவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று இஷ்டத்துக்கு அடிப்பவர்களும் உண்டு. லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், பம்பின் கடைசித் தண்ணீரில் மொத்தமாக இறங்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலையும் பொசுங்கும், மருந்தின் வீரியமும் வெயிலில் போய்விடும். சாயங்காலம் அடியுங்கள்.

"ஒரே மருந்து, எல்லாப் பூச்சியும் சாகணும்" என்று கேட்பவர்களுக்குச் செம்பனையின் (பாமாயில் மரத்தின்) கதை தெரிந்திருந்தால் நல்லது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் இந்நாட்டுத் தோட்டங்களில் நீண்ட நாள் நிற்கும் கடும் மருந்துகளை அடித்தார்கள். அதன்பின், பைக்குள் இருந்துகொண்டு ஓலையைத் தின்னும் பைப்புழு, மலாயில் உலாட் புங்குஸ், முன்னைவிடப் பெருகியது. புழுவைக் கொல்லும் குளவிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம். அந்த மருந்துகளை நிறுத்தியதும் குளவிகள் திரும்பி வந்தன, புழு அடங்கியது. இன்று செம்பனைச் சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கும் எட்டு மணிப் பூ அழகுக்காக நட்டதல்ல, அந்தக் குளவிகளுக்குத் தேன் தர நட்டது. இன்னொன்று: 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு வண்டுதான் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறது. அதற்கு முன் ஆட்களை வைத்துப் பூ பூவாக மகரந்தம் தூவினார்கள். கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் அந்த வண்டும் சாகும்.

பாகற்காய்க்கு வருவோம். காய்க்குள் நெளியும் புழு பழ ஈயின் வேலை. ஈ தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிட்டால், வெளியே எதை அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. பூ உதிர்ந்து காய் விரல் நீளம் வந்ததுமே பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். மாமரத்துக்கு வாங்கிய பொறியைப் பாகல் பந்தலில் தொங்கவிடுவது வீண். அதிலுள்ள மெதைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் மா, கொய்யாவைத் தாக்கும் ஈயைத்தான் இழுக்கும். பாகல் ஈக்குக் கியூலூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். இரண்டுமே ஆண் ஈயைத்தான் பிடிக்கும், முட்டையிடும் பெண் ஈ தப்பிவிடும். (நம் வீட்டுத் துளசியிலும் மெதைல் யூஜினால் உண்டு. துளசி மாடத்தில் ஈ மொய்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.) விழுந்த காயை எருக்குழியில் போடுவதுதான் பெரிய தவறு. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, மறுபடி ஈயாக வந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

கத்தரியிலும் இதே கதைதான். நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி அழித்தால் போதும்.

அப்புறம், மருந்தை மாற்றுகிறேன் என்று டப்பாவை மட்டும் மாற்றுகிறோம். பெயர் வேறு, உள்ளே அதே சைபர்மெத்ரின். ஒரே மருந்தையே அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும். லேபலில் மூலப்பொருளைப் படியுங்கள். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் போடுகிறவர்களைக் கேளுங்கள், வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு எத்தனை மருந்து கேட்காமல் போனது என்று சொல்வார்கள். லேபலில் வண்ணப் பட்டையும் இருக்கும். கறுப்பும் சிவப்பும் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், வெள்ளைதான் குறைந்தது. வேலையிடத்திலிருந்து மினரல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரும் மருந்தில் இது எதுவும் இருக்காது. குழந்தைகள் குடித்துவிடும் அபாயம் வேறு.

பறிப்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் லேபலில்தான் இருக்கிறது. வெண்டையை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கிறோம். ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அதற்கு அடித்தால் காய் முற்றி நார்தான் மிஞ்சும். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி என்றால் காலையில் குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று நாள் விடாமல்.