ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டை எந்த வரியிலிருந்து வாசிப்பது?

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கில் யாருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் அதன் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, டோட்டல் 5.2-க்குக் கீழதான் இருக்கு, பயமில்லையே?"

(இங்கே எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு.) அந்த மொத்தக் கொழுப்பைக் கடைசியில் பாருங்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. ஒருவருக்கு மொத்தம் 5.0, நல்ல கொழுப்பான எச்டிஎல் 0.8 என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு மொத்தம் 5.6, எச்டிஎல் 2.0. முதலாமவர்தான் நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள்: அவருக்கு 4.2, இரண்டாமவருக்கு 3.6. ரத்தக் குழாயில் படியக்கூடிய கொழுப்பு முதலாமவரிடம்தான் அதிகம்.

ஆகவே முதலில் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு. மாரடைப்போடு நேரடித் தொடர்புள்ளது அதுதான். 2.6-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3.4-லிருந்து கவனம் வேண்டும், 4.1-ஐத் தொட்டால் அதிகம். அடுத்து எச்டிஎல், 1.0-க்குக் குறையக் கூடாது. நம் இந்திய வம்சாவளியினர் பலருக்கு இது குறைவாகவே இருக்கும். அப்புறம் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு, 1.7-க்குள் இருந்தால் சரி. இது 4.5-ஐத் தாண்டிவிட்டால், மற்ற எண்களிலிருந்து கணக்குப் போட்டு எழுதும் எல்டிஎல்லை நம்ப முடியாது.

எல்டிஎல்லுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி இல்லை என்பதற்காக ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடாதீர்கள். கூடத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு உங்களுக்கு நீரிழிவு இருப்பது தெரியாது. பொதுவான எல்லையோடு ஒப்பிட்டுத்தான் குறி போடும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு மருத்துவர் 1.8-க்கும் கீழே, சிலருக்கு 1.4-க்கும் கீழே இறக்கப் பார்ப்பார். அவருக்கு 3.0 என்பது அதிகம்தான். வயது, இனம், புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் உங்கள் இலக்கு எது என்று சொல்ல முடியும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் "என் எல்டிஎல் இலக்கு எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து அண்ணி அனுப்பும் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 130 என்று இருக்கும். இங்கே பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு, அவ்வளவுதான். 130-ஐ 38.67-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.4. ஆனால் ட்ரைகிளிசரைடை 88.6-ஆல் வகுக்க வேண்டும். அங்கே 150 என்றால் இங்கே 1.7.

பரிசோதனைக்குப் போகுமுன் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தண்ணீர் குடிக்கலாம். காப்பி வேண்டாம். தீபாவளி விருந்தும் மதுவும் முடிந்த கையோடு போனால் ட்ரைகிளிசரைடு எகிறி நிற்கும். கடும் காய்ச்சலில் படுத்து எழுந்த உடனே போனால் எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டுக்குமே சில வாரம் பொறுப்பது நல்லது.

சாப்பாட்டில் எது எந்த எண்ணை ஏற்றும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்டிஎல்லை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு: நெய், நாசி லெமாக் சோற்றில் சேரும் தேங்காய்ப்பால், ஆட்டுக் கொழுப்பு, பொரிக்கப் பயன்படும் பாமாயில். பாமாயிலில் பாதிக்குப் பாதி அந்தக் கொழுப்புதான். புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை, அதைப் போய் ஒரு சிறப்பாகச் சொல்கிறார்கள்! பின்னால் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். முட்டை மஞ்சள் கருவைப் பயந்து ஒதுக்கிவிட்டு, நெய் ஊற்றிய பிரியாணியை ஒரு கை பார்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ட்ரைகிளிசரைடு ஏறினால் சோறு, சர்க்கரை, மது ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். காப்பிக் கடையில் தே தாரிக்குக்கு (இனிப்புப் பால் டீ) பதில் 'தே ஓ கொசோங்' கேட்டால் சர்க்கரையும் பாலும் ஒரே வார்த்தையில் போய்விடும். எச்டிஎல் மெதுவாகத்தான் ஏறும். அதற்கு நடையும் புகையை விடுவதும் உதவும். பருப்பு, பயறு, ஓட்ஸ் தினமும் இருந்தால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கும்.

மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்திருந்தால், அடுத்த ரிப்போர்ட் நன்றாக வந்ததைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை இருப்பதால்தான் அந்த எண் வந்திருக்கிறது. விட்டால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். காரணமில்லாமல் தசை வலித்தால், சிறுநீர் கறுத்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்டிஎல் 4.9-ஐத் தாண்டினால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. தைராய்டையும் பார்க்கச் சொல்வார்கள், குடும்பத்தில் வழிவழியாக வருவதாகவும் இருக்கலாம். குடும்பவழி வந்தது என்று மருத்துவர் சொன்னால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் ஒல்லியாக இருந்தாலும் சரி, இருபது வயதுதான் ஆகிறது என்றாலும் சரி.