நாவலுக்கும் ஒரு பேரேடு

நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று கண்டனூரில் என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் முதல் அத்தியாயத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். செட்டிநாட்டுக் கதை என்றால் அதில் வீடு கண்டிப்பாக இருக்கும். முகப்பில் நுழைந்து, நடுமுற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கிற வளவைக் கடந்து, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை போய்விடும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் எல்லாம் வந்துவிடும். ஐந்து பக்கம் முடிந்தும் அந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாது.

அந்த ஐந்து பக்கத்தையும் தனியே எடுத்து வையுங்கள். கிழிக்க வேண்டாம், பிறகு உதவும். ஒரு ஆளையும், அவருக்கு இன்றைக்கே வேண்டியிருக்கிற ஒன்றையும் வைத்துத் தொடங்குங்கள். வளவில் எத்தனை தூண் என்று எண்ணுகிறவர் விருந்தாளி. எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் முகப்பில் ஆண்கள் பேசுவது காதில் விழும் என்பது அந்த வீட்டு மருமகளுக்குத் தெரியும். அந்த ஒரு தூணை எழுதினால் போதும்.

என் அப்பச்சி, அதாவது அப்பா, ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். யார் பெயரில் எவ்வளவு பற்று நிற்கிறது என்று பார்த்தே அந்த ஆளுக்கு அந்த வருஷம் எப்படிப் போனது என்று சொல்லிவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்ததால் என் நாவல்களுக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டுக்கொண்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். முக்கியமான ஒவ்வொருவருக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. ஒரு காட்சி எழுதி முடித்ததும் அதில் அவருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன கடன்பட்டார் என்று ஒரே வரியில் குறித்துவையுங்கள். பணம் மட்டுமல்ல. மறைத்த உண்மை கடன், வாங்கிக்கொண்ட மன்னிப்பும் கடன்தான். நாலு அத்தியாயம் போயும் ஒருவருடைய இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தால் அவர் கதையில் சும்மா நிற்கிறார் என்று பொருள். அவரை எடுத்துவிடலாம். அல்லது, உங்களுக்கு அவரை இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மருமகள் ஒருத்தியின் சீர்ச் சாமானில் வெள்ளிக் குடம் இரண்டு வந்தது. அதில் ஒன்றைக் கணவன் அடகு வைத்துவிட்டான். 'அவளுக்குக் கோபம் பொங்கியது, மாமியாரிடம் நியாயம் கேட்டாள்' என்று எழுதலாம். அது செய்தி. இப்படி எழுதிப் பாருங்கள்:

"அயித்தை, பெட்டகத்துல குடம் ஒண்ணுதான் இருக்கு."

"விளக்கக் கொடுத்திருக்கும்." மாமியார் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போன மாசம்தானே விளக்கினோம்?"

"அரிசியில கல்லு ரொம்பக் கிடக்கு. வந்து உட்காரு."

மாமியாருக்குத் தெரியும் என்பது மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் அதைச் சொல்லவில்லை. இப்போது மூன்று பேர் பக்கத்திலும் பற்று ஏறியிருக்கிறது. அடுத்த காட்சி எங்கே தொடங்க வேண்டும் என்று நீங்கள் தவிக்க வேண்டியதில்லை.

பேச்சுவழக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரிக்கு வரி வட்டாரச் சொல் திணிக்க வேண்டாம். அப்பச்சி, அயித்தை, ஆச்சி என்று முறைப்பெயர் சரியாக விழுந்தாலே ஊர் வந்துவிடும். நம் பக்கத்தில் பெரிய விஷயத்தைப் பேசும்போது கை ஒரு சின்ன வேலையில் இருக்கும். அந்த வேலை எது என்று தேடுங்கள்.

அப்புறம், காலம். என் முதல் நாவலின் கைப்பிரதியில் பெரிய பிழை ஒன்று செய்தேன். கதாநாயகன் ரங்கூனில் ஒரு கடைக்கு மேலாள், முதலாளிக்காகக் கடையை நடத்துகிறவன். அந்தக் காலத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை, மனைவி ஊரிலேயே இருப்பாள். 1943இல் அவன் மனைவிக்கு எழுதிய கடிதம் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். அதைப் படித்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் போயிடுச்சே ஆத்தா, இந்தக் கடிதம் எப்படி வந்தது?" ரங்கூன் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1945 மே மாதம். அந்த மூன்று வருஷமும் அங்கிருந்து இங்கே தபால் இல்லை.

இரண்டு நாள் எழுதவே இல்லை. பிறகுதான் புரிந்தது. கடிதம் வராத அந்த மூன்று வருஷம்தான் என் கதை. தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் ஒருத்தி இருந்த காலம் அது. என் நோட்டில் அவள் பக்கத்தில் வரவு என்று ஒன்றுமே இல்லை. நான் கற்பனையாக எழுதிய கடிதம் அவளுக்குக் கிடைத்திருந்தால் நாவலே இருந்திருக்காது. ஆகையால் வருஷத்தைச் சரிபார்ப்பதைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடாதீர்கள். கதை அங்கேயே ஒளிந்திருக்கலாம். வீட்டில் பழைய சீர்ப் பட்டியலும் மொய் ஏடும் இருந்தால் முதலில் அவற்றைப் படியுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அங்கே போனால் பழைய பத்திரிகைகளில் விளம்பரங்களை விடாமல் பாருங்கள். எந்த வருஷம் மக்கள் எதை வாங்க ஆசைப்பட்டார்கள் என்பது அதில்தான் தெரியும்.

எவ்வளவு எழுதுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினம் 500 சொல். 120 நாளில் 60,000 சொல் ஆகிவிடும், அது ஒரு நாவலுக்குப் போதும். முதல் சுற்றில் திரும்பிப் படித்துத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

முடித்தபின் வாய்விட்டு வாசியுங்கள். கதைப் புத்தகம் படிக்காத ஒருவரிடம் வாசித்தால் இன்னும் நல்லது. எனக்கு எதிர்வீட்டு ஆச்சி ஒருவர் இருக்கிறார். மத்தியானம் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்பார். கதை பிடித்துக்கொண்டால் பாக்குவெட்டி நின்றுவிடும். மறுபடி வெட்டுகிற சத்தம் கேட்டதும் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். மறுநாள் காலையில் கோடு விழுந்த பக்கங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி எழுத உட்காருவேன்.