ஐந்தடி லைக்ராவில் ஒரு நிறம் மாறும் பந்தல்

துபாய் புர்ஜ் அல் அராப் ஹோட்டலில் பாய்மரம் போலப் புடைத்து நிற்கும் வெள்ளைச் சுவர், டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி. இரவில் எந்த நிற விளக்கு விழுகிறதோ அதுவே சுவரின் நிறம். அந்த வித்தையைச் சின்னதாக நம் மொட்டைமாடியிலும் செய்து பார்க்கலாம்.

1. 5 அடிக்கு 5 அடி வெள்ளை லைக்ரா (ரப்பர் போல இழுபடும் துணி) வாங்குங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபட வேண்டும். கடையிலேயே இழுத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். பளபளப்பில் விளக்கு ஒரு புள்ளியாக மின்னும், சுருக்கமும் போகாது.

2. மூலையில் ஓட்டை போட்டால் கிழியும். ஒரு கோலிக்குண்டை வைத்துத் துணியைச் சுற்றி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்குங்கள்.

3. இதுதான் முக்கியமான வேலை. நான்கு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டினால் அது வெறும் பந்தல்துணி; காற்றில் படபடக்கும். எதிரெதிர் மூலைகள் இரண்டை 7 அடி உயரத்தில் துணிக்கொடிக் கம்பங்களில் கட்டுங்கள். மற்ற இரண்டும் 4 அடியில் இருக்கும்படி, தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்களோடு இழுத்துக் கட்டுங்கள். குதிரைச் சேணம் போல வளைவு வரும். ஒரு திசை மேலே இழுக்க, மறு திசை கீழே இழுக்க, சுருக்கம் தானாக மறைந்துவிடும். ஓரங்கள் உள்வாங்கி வளைவது தப்பல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

4. ரிமோட்டில் நிறம் மாறும் எல்இடி ஃபிளட் லைட் இரண்டு போதும். உயர்ந்த மூலை ஒவ்வொன்றின் கீழும், சற்று வெளியே தள்ளித் தரையில் வைத்து, துணியின் அடிப்பக்கத்தைப் பார்க்கத் திருப்புங்கள். லைட் மழையைத் தாங்கும் ரகமாக இருந்தாலும் பிளக் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உயரத்தில் வையுங்கள்.

5. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் வளைவு தட்டையாகத் தெரியும். ஒன்றில் நீலம், மற்றதில் சிவப்பு வையுங்கள். அந்தந்தப் பாதி அதனதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். நடுவில் இரண்டும் கலந்து மெஜந்தா. சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் வரும், பெயின்ட் கணக்கு இங்கே செல்லாது!

ஒரே ரிமோட்டுக்கு இரண்டு லைட்டும் மாறித் தொலைத்தால், ஒன்றின் சென்சாரை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். அப்புறம், ஃபிளாஷ் பட்டன் பக்கம் போகாதீர்கள், கல்யாண ரிசப்ஷன் ஆகிவிடும். மெதுவாக நிறம் கரையும் ஃபேட் போதும்.

காற்று வலுத்தால் முதலில் கேன் பக்கக் கயிறுகளை அவிழ்த்து, துணியைச் சுருட்டி விடுங்கள்.