டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து சர்வர் பக்கம்: வீட்டில் சரிசெய்த இரண்டு கோளாறுகள்

நாகர்கோவிலில் பிரிண்டரும் அவுட்லுக்கும் பார்த்துக்கொண்டே சர்வர் கற்க, 8 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் போதுமாக இருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 4 ஜிபி ஒதுக்கி விண்டோஸ் சர்வர். 180 நாள் சோதனைப் பதிப்பு இலவசம். நெட்வொர்க் பிரிட்ஜ்டு முறையில், அதாவது விர்ச்சுவல் சர்வரும் வீட்டு நெட்வொர்க்கில் தனிக் கம்ப்யூட்டர் போல. கிளையண்டாக ஒரு லேப்டாப், அதில் விண்டோஸ் ப்ரோ. ஹோம் பதிப்பு டொமைனில், அதாவது சர்வர் மையமாக நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் குழுவில், சேராது.

முதலில் மறித்தது, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். லேப்டாப்பின் டிஎன்எஸ் கட்டத்தில் கூகுளின் 8.8.8.8 இருந்தால் இணையம் வரும், டொமைன் கிடைக்காது. டொமைன் கன்ட்ரோலரின், அதாவது டொமைனை நடத்தும் அந்த விண்டோஸ் சர்வரின், நிலையான ஐபி மட்டுமே அங்கே இருக்க வேண்டும். மாற்று டிஎன்எஸ் கட்டத்திலும் வெளி முகவரி கூடாது. இணையத்தின் வெளிப்பெயர்களுக்கு, கேள்வியை வெளி டிஎன்எஸுக்கு அனுப்பும் ஃபார்வர்டரை சர்வரிலேயே கொடுத்தேன்.

அடுத்தது மழைக்காலக் கரண்ட் கட். மறுபடி ஆன் செய்ததும் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. இங்கே பாஸ்வேர்டை ரீசெட் செய்வது வீண், முதலில் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறக்க வேண்டும். கோளாறு நேரத்தில்: டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சர்வருக்கும் லேப்டாப்புக்கும் இடையே இயல்பாக 5 நிமிட நேர வித்தியாசம் வரைதான் பொறுக்கும். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தது. விர்ச்சுவல் சர்வரும் அதையே எடுத்துக்கொண்டது. பேட்டரியை மாற்றி, தேதியைக் கையால் திருத்தி, விர்ச்சுவல் சர்வர் ஹோஸ்ட்டிலிருந்து, அதாவது அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து, நேரம் எடுப்பதை நிறுத்தி, அதை இணையத்தில் சரியான நேரம் தரும் வெளி என்டிபியோடு இணைத்தேன். ஃபோல்டர் திறந்தது.