டவுனுஸ் காட்டில் ரோமானிய எல்லையைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

பிராங்க்பர்ட்டுக்கு வடமேற்கே உள்ள டவுனுஸ் மலைக்குப் போய் வந்தவர்களில் பலர், "அங்கே ஒன்றுமே இல்லையே!" என்பார்கள். விசாரித்தால், எல்லைக்கோட்டின் மேலேயே நடந்து வந்திருப்பார்கள்.

மதிலைத் தேடிப் போவதுதான் முதல் தவறு. சீனப் பெருஞ்சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், லிமெஸ் எனப்படும் இந்த ரோமானிய எல்லை கண்ணில் படவே படாது. ரைன் ஆற்றங்கரையிலிருந்து டான்யூப் வரை சுமார் 550 கி.மீ. ஓடும் இந்த எல்லையில், தொடர்ச்சியான கல்மதில் எழுந்தது கிழக்கே ரேட்டியா என்ற ரோமானிய மாகாணத்தில்தான். டவுனுஸ் பக்கம் முதலில் காட்டை வெட்டி ஒரு பாதை போட்டு, காவல் கோபுரங்களை நிறுத்தினார்கள். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் மரக்கம்ப வேலி வந்தது. பள்ளமும் மண்மேடும் அதற்கும் பிறகு. இன்று மிஞ்சியிருப்பது கரைந்துபோன வரப்பு மாதிரி ஒரு மேடு, அதை ஒட்டிச் சருகு நிரம்பிய பள்ளம், அவ்வளவுதான்.

அதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. பள்ளம் வெளிப்புறம், அதாவது ஜெர்மானியர் பக்கம். மேடு உட்புறம். பள்ளத்திலிருந்து மேட்டைத் தாண்டி உள்ளே சில அடி நடந்தால் ரோம் பக்கம் நிற்கிறீர்கள். அங்கே நடுவில் குழி விழுந்த சின்னக் கற்குவியல் தென்பட்டால், பெரும்பாலும் அது காவல் கோபுரத்தின் அடித்தளம். கோடையில் போவதும் தவறுதான். இலையும் புதரும் எல்லாவற்றையும் மூடிவிடும். மரங்கள் மொட்டையாக நிற்கும் மாதங்களில், சாய்வெயில் அடிக்கும் நேரத்தில் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு தானாகவே துலங்கும்.

அடுத்தது, பாட் ஹோம்பர்க் அருகே உள்ள சால்புர்க் கோட்டையை அசல் என்று நம்பிவிடுவது. 1897 முதல் 1907 வரை, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆணைப்படி பழைய அடித்தளத்தின் மேல் எழுப்பியது அது. மதில் உச்சியின் பல்வரிசையை நெருக்கமாக வைத்துவிட்டார்கள். இடைவெளி இன்னும் அகலமாக இருந்திருக்க வேண்டும். சுவரும் இப்படி வெறுங்கல்லாக இருந்ததில்லை. வெள்ளைப் பூச்சு பூசி, கல் அடுக்கியது போலச் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். ஆனாலும் போய்ப் பாருங்கள். பிழையோடு பார்த்தாலும் கோட்டையின் அளவு மனத்தில் பதியும்.

ஆல்ட்கூனிக் சிகரத்தில் சரிந்து கிடக்கும் கல் வளையங்களையும் ரோமானியர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவை கெல்டியர் என்ற பழங்கால மக்களுடையவை. ரோமானியர் இந்த மலைக்கு வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே கட்டியவை.

இது படையெடுப்பைத் தடுக்கக் கட்டிய அரண் என்று நினைப்பதும் சரியல்ல. ஒரு கம்ப வேலி எந்தப் படையை நிறுத்தும்? யார் வருகிறார், யார் போகிறார், என்ன சரக்கு என்று கவனிப்பதும், வழிப்பறிக் கும்பல் வந்தால் கோபுரம் விட்டுக் கோபுரம் சைகை கொடுப்பதும்தான் முக்கிய வேலை. கி.பி. 260-ஆம் ஆண்டு வாக்கில் உள்நாட்டுக் குழப்பத்தில் ரோம் தள்ளாடியபோது இந்த எல்லையும் கைவிடப்பட்டது.

மேட்டின் மேல் சைக்கிள் ஓட்டாதீர்கள். 2005 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அனுமதியில்லாமல் உலோகத் தேடுகருவி கொண்டு தோண்டினால் சட்டம் பாயும். வீடு திரும்பியதும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நேரம் ஒரு மணிதான் என்றால் சால்புர்க்கை விட்டுவிட்டு, மலை மேலே உள்ள ஃபெல்ட்பெர்க் ரோமானியக் கோட்டைக்குப் போங்கள் என்பேன். தாழ்ந்த அடிச்சுவர்கள், குளியலறைக் கட்டடத்தின் தடம், பக்கத்திலேயே வைல் ஆற்றின் ஊற்று. அந்த உயரத்தில் ஏன் முகாம் போட்டார்கள் என்று அந்தத் தண்ணீரைப் பார்த்தால் பாதி புரியும்.